தகுதிக்கு மீறிய யோசனை

கைதட்டியதற்காக ஒரு மனிதனுக்குத் தண்டனை கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும். கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் அகப்பட்டால், கை இருந்ததற்கே கிடைக்கும்.

அகப்பட்டவர் நாட்டிலேயே வயதில் குறைந்த தலைமைப் பயிற்சியாளர். முப்பது வயதில் அணியைக் கையில் எடுத்தார். முப்பத்தாறுக்குள் மூன்று கோப்பை. ரசிகர்கள் அவரைச் 'சின்னக் கோச்' என்று கூப்பிட்டார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய மனைவி பல் டாக்டர். பல் பிடுங்க வருகிறவர்கள்கூட, "சின்னக் கோச் நல்லா இருக்காரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள்.

சின்னக் கோச் நன்றாக இல்லை. கோப்பைகளோடு கூடவே வயிற்றுப் புண்ணும் வந்திருந்தது. தோற்றால் வயிறு எரியும். ஜெயித்தால் அடுத்த ஆட்டத்தை நினைத்து எரியும். சாப்பிட உட்கார்ந்தால் உப்பு டப்பாவையும் டம்ளர்களையும் நகர்த்தி நகர்த்தி அணி நிறுத்திக்கொண்டிருப்பார். மனைவி தாகத்துக்கு ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டால், "ஐயோ, அது நம்ம சென்டர் பேக்!" என்று பதறுவார்.

"இந்த வேலையை விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி ஒருநாள். "புருஷனைப் பாக்க டிவி போட வேண்டியிருக்கு."

"விட்டுட்டு?"

"டிவியிலயே பேசுங்க. அங்கயாவது ஆட்டம் முடிஞ்சா முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு அனுப்புவாங்கல்ல?"

அந்த யோசனை அவருக்குள் விழுந்து கிடந்தது. அது முளைவிடுவதற்குள் கைதட்டல் வந்து சேர்ந்தது.

ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவன் மைதானத்தின் நடுவிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தான். அது பறவை மாதிரி மெதுவாகப் போய், கோல் கீப்பரின் தலைக்கு மேலே வளைந்து, வலைக்குள் இறங்கியது. சின்னக் கோச் தன்னை மறந்து எழுந்து நின்று கைதட்டிவிட்டார். மறுவாரமே விசாரணை.

குழுவின் தலைவர் அதற்கு முன்பு வாழ்நாளெல்லாம் நாய்க் கண்காட்சிகளுக்கு நடுவராக இருந்தவர். விசாரணைக்கு வருகிறவரை முதலில் அறையை ஒரு சுற்று நடக்கவிட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம். சின்னக் கோச்சும் நடந்தார். தலைவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"தம்பி, எதிர் டீம் கோல் போட்டா எந்தக் கோச்சாவது கை தட்டுவானா?"

"அருமையான கோல் சார். என்னை அறியாம தட்டிட்டேன்."

"அருமையான கோல்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"ஆமா சார்."

"அப்ப கிண்டல்தான். அவமரியாதை."

"சார், என் மனசுல நிஜமாவே…"

தலைவர் கையை உயர்த்தினார். "மனசு எங்க அதிகாரத்துக்குள்ள வரல தம்பி. வேணும்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கோம். பதில் வர்ற வரைக்கும் நாங்க கையை மட்டுந்தான் பாப்போம்."

மூன்று ஆட்டங்களுக்கு இடைநீக்கம். மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அணியோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று தீர்ப்பானது.

அந்த மூன்று ஆட்டங்களுக்கும் பொறுப்பு, துணைப் பயிற்சியாளரிடம் போனது. அவர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். பதினெட்டு வருஷமாக அந்த அணியில் துணை. நான்கு தலைமைப் பயிற்சியாளர்களுக்குக் கோட் பிடித்து, குடை பிடித்து, சமயத்தில் கையைப் பிடித்து இழுத்தும் உட்கார வைத்தவர். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். முட்டி உடைந்து ஆட்டத்தை விட்ட இளைஞனைக் கோச்சாகப் போடலாம் என்று சிபாரிசு செய்ததும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே ஆள் தோதுப்பட்டதில் அவருக்கு அலைச்சல் மிச்சம்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. தலைமைப் பயிற்சியாளருக்கான சான்றிதழ்ப் பரீட்சையை அவரால் எழுத முடியவில்லை. பரீட்சை எழுதத் தலைமைப் பயிற்சியாளராக அனுபவம் வேண்டும். தலைமைப் பயிற்சியாளராகச் சான்றிதழ் வேண்டும். சம்மேளன விதி அப்படி; ஆட்டக்காரராக இருந்து வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பொறுப்பு ஏற்று மூன்று ஆட்டம் நடத்தினால் அதை அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கோ ஒரு மூலையில் ஓர் உபவிதி இருந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மூலைக்கு வெளிச்சம் வந்திருந்தது.

"மாப்ளே," என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி. "நீ கை தட்டினது எனக்குச் சோறு போடப் போகுதுடா. நீ டிவிக்குப் போறதுன்னா தாராளமாப் போ. நான் பரீட்சை எழுதி இந்த நாற்காலியில உக்காந்துக்கறேன். நீயும் நிம்மதி, நானும் நிம்மதி, தங்கச்சியும் நிம்மதி."

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாக, அடுத்த நாளே தொலைக்காட்சியிலிருந்து தயாரிப்பாளர் அம்மா போன் செய்தார். சும்மா இருக்கும் மூன்று ஆட்டத்துக்கும் வர்ணனைக்கு வர முடியுமா? பிடித்திருந்தால் நிரந்தரமாகவே பேசலாம்.

முதல் ஆட்டத்துக்குப் போனார். தொலைக்காட்சி நிலையத்தில் சின்னக் கண்ணாடி அறை. காதில் ஒரு கருவி, முன்னால் ஒரு திரை, மேசையில் தண்ணீர். பந்து உருண்டது. அவர் பேசினார். எதிரணியின் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரன் காலை லேசாக இழுத்து நடப்பதைப் பார்த்து, "அவருக்குக் கால்ல ஏதோ பிடிச்சிருக்கு. அந்தப் பக்கமா போனா வழி கிடைக்கும்," என்றார். கொஞ்ச நேரத்தில் மச்சான் அந்தப் பக்கத்துக்கு ஓட்டக்காரன் ஒருவனை இறக்கினார். கோல். ஆட்டம் முடிந்தது. சின்னக் கோச் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. யாரையும் திட்ட வேண்டாம், யாரையும் தேற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். டம்ளர் டம்ளராகவே இருந்தது.

"இதுதான்," என்றார் மனைவியிடம். "சீசன் முடிஞ்சதும் விட்டுடறேன்."

மறுவாரம் சம்மேளனத்திலிருந்து அழைப்பு. இடைநீக்கத்தில் இருக்கும்போது வர்ணனை வழியாக அணிக்குக் கட்டளையிட்டதாகச் சின்னக் கோச் மேல் குற்றச்சாட்டு. கட்டளையைக் காதில் வாங்கியதாக மச்சான் மேல் இன்னொன்று.

இருவரும் அறையைச் சுற்றி நடந்து முடித்ததும் தலைவர் மச்சானைப் பார்த்தார்.

"அந்த ஆட்டக்காரன் நொண்டறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்தேன் சார். நொண்டினான்."

"இவர் டிவியில சொல்றதுக்கு முன்னால பாத்தீங்களா, சொன்னதுக்கு அப்புறம் பாத்தீங்களா?"

"இவர் சொன்னதே எனக்குத் தெரியாது சார். நான் மைதானத்துல இருந்தேன். டிவி எங்க இருக்கு அங்க?"

"ஒலி காத்துல போகும்," என்றார் தலைவர். "காத்து மைதானத்துக்குள்ள வரும். அதைத் தடுக்க எங்ககிட்ட விதி இல்ல. அதனால காதைத்தான் பாக்கணும்." எழுந்து வந்து மச்சானின் இரண்டு காதுகளையும் பழைய தொழில் நேர்த்தியோடு சாய்த்துப் பார்த்தார். "நல்ல காது," என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். அது மச்சானுக்குப் பாதகமாகப் போயிற்று.

"சார், பலூன் விக்கறவருக்குக்கூடத் தெரிஞ்சுது அவன் நொண்டறான்னு," என்றார் சின்னக் கோச்.

"பலூன் விக்கறவர் ஆளை மாத்தலையே தம்பி."

எச்சரிக்கையோடு விட்டார்கள். சின்னக் கோச் வர்ணனைக்குப் போகலாம், ஆனால் பயனுள்ள எதையும் பேசக் கூடாது என்று நிபந்தனை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தயாரிப்பாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

"இதுக்கா சார் இவ்ளோ கவலை?" என்றார் அந்த அம்மா. "எங்ககிட்ட மத்தவங்க எல்லாரும் ரொம்ப வருஷமா அப்படித்தான் பேசிட்டிருக்காங்க."

இரண்டாவது ஆட்டத்தில் அவர் புல்லைப் பற்றிப் பேசினார். புல் பச்சையாக இருக்கிறது என்றார். வானத்தைப் பார்த்து மழை வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார். கோல் கம்பத்துக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள் என்பதை இருமுறை சொன்னார். தயாரிப்பாளர் அம்மா கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. இரண்டாவது பாதியில் மச்சானின் அணி இடது ஓரத்தில் கோட்டைவிட்டபோது மட்டும், சின்னக் கோச்சுக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து விழுங்கினார். கொஞ்சம் நீண்ட மௌனம். பிறகு, "புல் இன்னும் பச்சையாத்தான் இருக்கு," என்றார்.

அந்த இடைவெளியில் மச்சான் இடது ஓரத்து ஆளை மாற்றியிருந்தார். அணி ஜெயித்தது. அழைப்பும் வந்தது.

"மௌனத்தைப் போடுங்க," என்றார் தலைவர்.

ஒலிபெருக்கியில் மௌனத்தைப் போட்டார்கள். எதுவும் கேட்கவில்லை.

"சத்தமா வைங்க."

சத்தமாக வைத்தார்கள். அறை முழுவதும் மௌனம் நிறைந்தது. சம்மேளனச் செயலாளர், யாருக்கோ அஞ்சலி என்று நினைத்து எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். தலைவரும் எழுந்து தலை குனிந்தார். "புல் இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்ற குரல் வந்த பிறகுதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"இந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் தம்பி?"

"அர்த்தம் எதுவும் இல்ல சார். பேசக் கூடாதுன்னீங்க, பேசல."

"பயனுள்ளதைப் பேசக் கூடாதுன்னுதான் சொன்னோம். நீங்க பயனுள்ளபடி பேசாம இருந்திருக்கீங்க."

குழு கூடிப் பேசித் தீர்ப்பை நீட்டியது. வரப்போவது மூன்றாவது ஆட்டம், இறுதிப் போட்டி. அது நடக்கும் நேரம் முழுவதும் சின்னக் கோச் எங்கேயும் பேசக் கூடாது. பொருள்படும்படி பேசாமல் இருக்கவும் கூடாது. கண்காணிக்கச் சம்மேளனத்திலிருந்து ஆள் வருவார். இடைநீக்கம் மறு அறிவிப்பு வரும்வரை தொடரும்.

சின்னக் கோச் நேராகச் செயலாளர் அறைக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். செயலாளர் நல்ல மனிதர். எதையும் மறுத்துப் பேச மாட்டார். மறுப்பதற்கான விதியை எடுத்துப் படிக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

"வாங்கிக்க முடியலையே தம்பி. இடைநீக்கத்துல இருக்கறவரைக்கும் நீங்க கோச் இல்ல. கோச் இல்லாதவர் கோச் வேலையை எப்படி ராஜினாமா பண்ணுவாரு?"

"சரி சார். அப்ப நான் கோச் இல்ல. டிவியில நிரந்தரமா சேந்துக்கறேன்."

"கோச்சா இருக்கறவர் எங்க அனுமதி இல்லாம அங்க சேர முடியாதே."

"இப்பத்தானே கோச் இல்லேன்னீங்க?"

"ராஜினாமாவுக்கு இல்ல. தண்டனைக்கு உண்டு."

"இடைநீக்கம் முடிஞ்சதும் குடுத்தா?"

செயலாளர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜெயிக்கற கோச் பாதியில போனா சம்மேளனத்துல ஏதோ கோளாறுன்னு ஜனங்க நினைப்பாங்க. அது சம்மேளனத்துக்கு அவமரியாதை. அவமரியாதைக்கு…"

"இடைநீக்கம்."

"ஆமா தம்பி," என்றார் செயலாளர், விதியைப் புரிந்துகொள்ளும் ஒருவரைக் கண்ட நெகிழ்ச்சியோடு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் கைகழுவிக்கொண்டிருந்தாள். "பேசவும் கூடாது, பேசாம இருக்கவும் கூடாதா?"

"ஆமா."

அவள் ஈரக்கையை உதறிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் அப்படித்தானே உக்காந்திருக்காங்க," என்றாள்.

இறுதிப் போட்டி அன்று சின்னக் கோச் மனைவியின் கிளினிக்கில் பல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டு கன்னத்திலும் பஞ்சு. வாயோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். எதிர்ச்சுவரில், நோயாளிகளின் கவனத்தைத் திருப்புவதற்காக மாட்டியிருந்த டிவியில் ஆட்டம். கண்காணிப்பாளர் ஐம்பது வயது இருக்கும் சாதுவான ஆள். தன் கடைவாய்ப் பல்லைக் கையால் தாங்கியபடி வந்திருந்தார். பஞ்சை எட்டிப் பார்த்து, "இது பொருள்படும் மௌனமில்லை" என்று எழுதிக்கொண்டார்.

ஆட்டம் கோல் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனது. முடிய இன்னும் சில நிமிஷம். சின்னக் கோச்சுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. நடுக்கள ஆள் ஒருவனை வெளியே எடுத்துப் பின்வரிசையைப் பலப்படுத்தி, சமனாக முடித்து, பெனால்டிக்குப் போக வேண்டும். "ம்ம்," என்றார் பஞ்சு வழியாக. கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார்.

"வலி," என்றாள் மனைவி. கண்காணிப்பாளர், "வலி" என்று எழுதினார்.

மைதானத்தில் மச்சான் நேர்மாறாக ஒரு காரியம் செய்தார். அணியிலேயே பெயர் பெற்ற ஆட்டக்காரனை வெளியே கூப்பிட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டாவது கோல் கீப்பரை எழுப்பினார். பனைமரம் மாதிரி இருப்பான். அவனுக்குச் சாதாரணச் சட்டையை மாட்டி, எதிரணியின் கோலுக்கு முன்னால் போய் நிற்கச் சொல்லி முதுகில் தட்டினார். அரங்கமே சிரித்தது. கார்னர் கிக் வந்தது. எல்லோருடைய தலைக்கும் மேலே ஒரு தலை எழும்பியது. பந்து வலையில்.

சின்னக் கோச் பல் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். குழாய் கழன்று தொங்கியது. அந்த யோசனை அவருக்கு வந்திருக்காது. இன்னும் பத்து வருஷம் அந்த வேலையில் இருந்தாலும் வந்திருக்காது. மச்சான் திரையில் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, தான் செய்ததைத் தானே நம்பாமல் நின்றார். சின்னக் கோச்சின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அழறாரே?" என்றார் கண்காணிப்பாளர்.

"மரத்துப்போற ஊசி இறங்குது. உங்களுக்கு எந்தப் பக்கம் வலி?" என்றாள் மனைவி. கண்காணிப்பாளர் பேனாவை மூடிவிட்டு, வாயைத் திறந்து காட்டினார்.

கோப்பை வந்தது. மூன்று ஆட்டமும் முடிந்தது. மச்சான் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கிவிட்டார். சந்தோஷத்தில் தங்கை வீட்டுக்கே வந்து, மேசைமேல் புத்தகத்தை விரித்து வைத்துச் சத்தம் போட்டுப் படித்தார். "மாப்ளே, இந்தக் கேள்வியப் பாரு. 'தலைமைப் பயிற்சியாளரின் முதல் கடமை யாது?' நாலு விடை போட்டிருக்கான். நாலும் சம்மேளனத்துக்கு வணக்கம் சொல்றதுதான்."

மூன்றாவது அழைப்பு மச்சானுக்கு மட்டும் வந்தது. சின்னக் கோச் கூடப் போய் வாசலில் நின்றார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"கீப்பரை முன்னால அனுப்பணும்னு யார் சொன்னது?" என்றார் தலைவர்.

"யாரும் சொல்லல சார். உயரமா இருந்தான்."

"மாப்பிள்ளை ஏதாவது…"

"அவர் வாயில பஞ்சு சார். உங்க ஆளே பாத்தாரு."

தலைவர் கண்காணிப்பாளரின் அறிக்கையைப் பார்த்தார். அதில் பஞ்சும் வலியும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் கடைவாய்ப் பல்லுக்கு அடுத்த சந்திப்பு நேரமும் குறித்திருந்தது. குற்றம் எதுவும் இல்லை. தலைவர் அதைப் பெரும் கவலையோடு மூடினார்.

"அப்ப நீங்களேதான் யோசிச்சீங்க."

"ஆமா சார்," என்றார் மச்சான். அந்தக் குரலில் இருந்த பெருமை கதவுக்கு வெளியே நின்ற சின்னக் கோச்சுக்கும் கேட்டது.

"உங்ககிட்ட இருக்கறது என்ன சான்றிதழ்?"

"துணைப் பயிற்சியாளர் சான்றிதழ் சார்."

"துணைச் சான்றிதழை வெச்சுக்கிட்டுத் தலைமை அளவுக்கு யோசிச்சிருக்கீங்க." தலைவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். முக்கியமான விஷயங்களை அவர் நின்றுதான் பேசுவார். "நான் முப்பது வருஷம் கண்காட்சியில நின்னவன். சின்ன ஜாதி நாயி பெரிய ஜாதி வேலி தாண்டினா ஜனம் கை தட்டும். நாங்க தட்ட மாட்டோம். ஏன்? நாளைக்கு எல்லாம் தாண்டும். அப்புறம் வேலி எதுக்கு, வேலி போட்ட நாங்க எதுக்கு? நீங்க தோத்திருந்தா இன்னைக்கு நாம பேசவே தேவையில்ல. நானே உங்களுக்குப் பரீட்சைக்குச் சிபாரிசு பண்ணியிருப்பேன்."

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. ஆயுள் முழுக்கத் தடை வரலாம் என்று தாழ்வாரத்தில் பேசிக்கொண்டார்கள்.

அன்றைக்கே செயலாளர் சின்னக் கோச்சைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். அவர் ஏற்கெனவே அழுதிருந்தார்.

"தம்பி, ஒரு நல்ல செய்தி. நீங்க டிவியில வரணும்னு ஆசைப்பட்டீங்க. சம்மேளனத்துக்கும் டிவியில ஒரு முகம் வேணும். வாரா வாரம் எங்க அறிவிப்புகளைப் படிக்கணும், அவ்வளவுதான். உங்களுக்கு நல்ல குரல், ஜனங்களுக்கும் உங்கள பிடிக்கும். கோச் வேலையிலயிருந்து கௌரவமா ஓய்வு. உங்க மேல இருக்கற வழக்கு எல்லாத்தையும் மூடிடறோம்."

"மச்சான்?"

"அனுதாபத்தோட பரிசீலிப்போம்."

"படிக்க மாட்டேன்னு சொன்னா?"

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

சின்னக் கோச் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வேறு யாராவதாக இருந்தால் யோசிக்க நேரம் கேட்டிருப்பார்கள். அவருக்கு யோசிப்பதற்கே பயமாக இருந்தது. மனைவியிடம் சொன்னபோது, "அண்ணனைக் காப்பாத்தறதுன்னா சரிங்க," என்றாள். மச்சானிடம் சொன்னபோது அவர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே நிமிர்ந்து, "நீ அங்க இருக்கறது நல்லதுதான் மாப்ளே, நம்மாளு ஒருத்தன் உள்ள இருக்கணும்," என்றார்.

முதல் அறிவிப்பு அந்த வார இறுதியில். புதுக் கோட்டு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். தயாரிப்பாளர் அம்மா காலரைச் சரிசெய்துவிட்டு, "எதிர்ல ஓடற எழுத்தைப் பாத்துப் படிங்க சார். நேரா உங்க ரசிகர்களைப் பாக்கற மாதிரி இருக்கும்," என்றார். என்ன எழுத்து என்று அவருக்கும் தெரியாது; சம்மேளனத்திலிருந்து நேராக வரும். சிவப்பு விளக்கு எரிந்தது. எழுத்து ஓட ஆரம்பித்தது.

"வணக்கம்," என்று படித்தார். "கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, தகுதிக்கு மீறி யோசித்த துணைப் பயிற்சியாளர் ஒருவர்மீது எழுந்த குற்றச்சாட்டை அனுதாபத்தோடு பரிசீலித்தது."

அடுத்த வரி கீழேயிருந்து ஏறி வந்தது. அவருக்கு அது படிப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது. நிறுத்தலாம் என்று தோன்றியது. காதுக் கருவியில் செயலாளரின் கரகரத்த குரல் கேட்டது. "படிங்க தம்பி. நின்னுட்டா ஆயுளாக்கிடுவாங்க. நான் எவ்வளவோ அழுது கேட்டு இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கேன்."

வாய் படித்தது. கோச்சாக இருந்தபோது பிழைப்புக்காகக் கத்தித் தேய்ந்த குரல்தான். ஆனாலும் தெளிவாக வந்தது. இரண்டு வருஷம் எந்த அணியிலும் பணியாற்றத் தடை. அதோடு தலைமைப் பயிற்சியாளர் சான்றிதழ்ப் பரீட்சை எழுத நிரந்தரத் தடை. குழுவின் கருணைக்கு அந்தப் பயிற்சியாளர் நன்றி தெரிவித்துக்கொள்கிறார். வணக்கம்.

விளக்கு அணைந்தது. "பிரமாதம் சார், பிறவி அறிவிப்பாளர் நீங்க," என்றார் தயாரிப்பாளர் அம்மா. நிலையத்தில் எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள். ஆட்டம் எதுவும் இல்லை. முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் மச்சான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் இன்னும் விரித்தபடியே இருந்தது. மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை. சின்னக் கோச் புதுக் கோட்டைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

"வா மாப்ளே," என்றார் மச்சான். "நல்லா படிச்சே. ஒரு எழுத்து பிசகல."

"மச்சான்…"

"ரெண்டு வருஷம்னது கேட்டுச்சு. பரவாயில்ல, ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். அதுக்கப்புறம் பரீட்சையப் பத்தி ஏதோ சொன்னே. அந்த நேரம் பாத்து இவ மிக்ஸியப் போட்டுட்டா." அவர் தங்கையின் முதுகைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "நானும் இவளைக் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், காதுல விழலைங்கறா. என்ன மாப்ளே அது?"

நாடு முழுக்கக் கேட்கும்படி சற்று முன்புதான் அவர் அதைத் தடுமாறாமல் படித்திருந்தார். இப்போது எதிரே எந்த எழுத்தும் ஓடவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

மச்சான் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தயாராக, காத்துக்கொண்டிருந்தார்.